மல்லாட்டையும் மசிலும்: திண்டிவனம் டூ மார்சேய்

விழுப்புரத்துலயோ திண்டிவனத்துலயோ ஏதாவது ஒரு ஜிம் வாசல்ல பத்து நிமிஷம் நின்னா போதும், இந்தக் கேள்வி காதுல விழுந்துடும்: "ப்ரோ, என்ன பவுடர் போடுறீங்க?" கேக்கிறது பெரும்பாலும் காலேஜ் பையன். ரூம் வாடகை, மெஸ் காசு, பஸ் காசு எல்லாம் போக அவன் கையில நிக்கிறது சொற்பம். அதுலயும் மிச்சம் பிடிச்சு, எங்கயோ வெளிநாட்டுல பால்ல இருந்து பிரிச்ச மாவை டப்பாவுல வாங்குறான்.

வாங்கட்டும், தப்பில்ல. ஆனா அவன் நிக்கிற மண்ணு எதுக்குப் பேர் போனதுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் வரலாறு, கடைசியில கொஞ்சம் மளிகைக் கணக்கு.

மணிலாவுல இருந்து மல்லாட்டை

மத்த ஊர்க்காரங்க வேர்க்கடலை, நிலக்கடலைன்னு சொல்றதை எங்க தென்னாற்காட்டுப் பக்கம் மல்லாட்டைன்னு சொல்லுவோம். முழுசா இழுத்தா மணிலாக்கொட்டை. நெல், எள்ளு மாதிரி நம்ம முப்பாட்டன் காலத்துப் பயிர் இல்ல இது. சொந்த ஊர் தென் அமெரிக்கா. 16-ம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் கப்பல்ல ஏத்தி உலகம் பூரா பரப்பினாங்க. பிலிப்பைன்ஸ் தலைநகரம் மணிலாவோட பேரு அதுல ஒட்டிக்கிச்சு. இன்னிக்கும் விழுப்புரம் கமிட்டியில (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தை எங்காளுங்க அப்படித்தான் சொல்லுவாங்க) இதுக்குப் பேரு மணிலாதான்.

வானம் பார்த்த செம்மண்ணு, மழையை நம்பின மேட்டு நிலம். அதுல பணம் குடுக்கிற பயிரா இது நின்னது 19-ம் நூற்றாண்டுல. காரணம், நம்ம ஆளுங்க கொறிக்கிற ஆசை இல்ல. பிரான்ஸ் நாட்டு மார்சேய் துறைமுகத்துல இருந்த எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும்தான். ஆப்பிரிக்காவுல செனகல், இந்தியாவுல நம்ம கடற்கரை, ரெண்டு இடத்துல இருந்தும் கடலை மார்சேய்க்குப் போச்சு. பக்கத்துலயே பிரெஞ்சுக்காரன் கையில பாண்டிச்சேரி துறைமுகம். 1879-ல விழுப்புரம் – பாண்டிச்சேரி ரயில் பாதை திறந்தாங்க. அப்புறம் கேக்கணுமா? விளைஞ்சது இங்க, கப்பல் ஏறினது அங்க.

அந்த வியாபாரத்துல ஒரு சின்ன விஷயத்தைக் கவனிச்சு வைங்க, பின்னாடி தேவைப்படும். தோலை உரிக்க ஈசியா இருக்கட்டும்னு கடலையைத் தண்ணியில நனைச்சு கையால உடைப்பாங்க. ஈரத்தோட மூட்டை கட்டினா கப்பல்லயே கெட்டுப்போகும். நம்ம சோழமண்டலக் கடலைப் பருப்புக்கு ஐரோப்பிய மார்க்கெட்ல இதனாலயே மட்டமான பேரு. உடைக்கிற மெஷின் பரவலா வந்த பிறகுதான் நிலைமை மாறிச்சு.

டி.எம்.வி 2-ன்னா என்ன?

ரயில்வேயில திண்டிவனத்துக்குக் குறியீடு டி.எம்.வி. அதே மூணு எழுத்து இந்தியா பூரா விவசாயிங்க வாயில புழங்கிச்சுன்னா நம்புவீங்களா? திண்டிவனத்துல ஒரு எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இன்னிக்கு அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்க இருந்து வந்த ரகங்களுக்குத்தான் டி.எம்.வி-ன்னு பேரு. 1940-ல வெளியான டி.எம்.வி 2, குடியாத்தம் பக்கத்துக் கொத்துக் கடலையில இருந்து தேர்ந்தெடுத்த ரகம். படர்ந்து போற பழைய ரகங்களைத் தோண்டி எடுக்கணும். இது கொத்தா நிக்கும், பிடிச்சு இழுத்தா கையோட வந்துடும். சுமார் 105 நாள்ல அறுவடை. ஆந்திராவுல அனந்தப்பூர் மாதிரி வறண்ட மாவட்டங்கள்ல பல பத்து வருஷம் இதான் ராஜா.

இதுல எனக்குப் பெருமையும் இருக்கு, ஒரு உறுத்தலும் இருக்கு. நிலையத்தோட பேரைப் பாருங்க: எண்ணெய் வித்து. மார்சேய்க்காரனுக்கும் எண்ணெய்தான் கணக்கு. 1937-ல வந்த டால்டாவுக்கும், மத்த வனஸ்பதிக்கும் கடலெண்ணெய்தான் முக்கியமான சரக்கு. இவ்வளவு பேரும் கடலையில இருக்கிற பாதியை, அதாவது எண்ணெயை மட்டும்தான் பார்த்தாங்க. மிச்ச பாதியில இருந்த புரதம் பிண்ணாக்காகி மாட்டுத் தொட்டிக்கும் வயலுக்கு உரமாவும் போச்சு.

பிண்ணாக்கைத் திரும்பிப் பார்த்த மைசூர்

1950-ல மைசூர்ல மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. அதோட முதல் இயக்குநர் வி.சுப்பிரமணியன். பஞ்சமும் சத்துக்குறைவும் நாட்டை வாட்டின நேரம். அவங்க செஞ்ச ஒரு மாவுக்கு 'இந்திய பல்நோக்கு உணவு'ன்னு பேரு. ஃபார்முலா ரொம்ப சிம்பிள். எண்ணெய் எடுத்த, மனுசன் சாப்பிடுற சுத்தத்துல தயாரிச்ச வேர்க்கடலை மாவு 75 பங்கு, வறுத்த கடலைப்பருப்பு மாவு 25 பங்கு, மேல கொஞ்சம் வைட்டமின், கால்சியம். நூறு கிராம்ல சுமார் 42 கிராம் புரதம்.

இன்னொரு தடவை படிங்க. வேர்க்கடலை, வறுத்த கடலை. அதாவது மல்லாட்டையும் பொட்டுக்கடலையும்! நம்ம பெட்டிக்கடை பாட்டில்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு ஐட்டம். மல்லாட்டையில லைசின்ங்கிற அமினோ அமிலம் கம்மி, கடலைப்பருப்புல அது ஜாஸ்தி. ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடுகட்டும்.

அப்புறம் ஏன் இது வீட்டுக்கு வீடு வரல? பல காரணம் உண்டு. அதுல ஒண்ணு வான்கோழி. 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க திடீர்னு செத்துது. தேடிப் பார்த்தா தீவனத்துல இருந்த பிரேசில் நாட்டு வேர்க்கடலைப் பிண்ணாக்கு. அதுல பூத்த பூஞ்சை கக்கின விஷம். அப்படித்தான் அஃப்ளடாக்சின்ங்கிற பேரே உலகத்துக்குத் தெரிஞ்சுது. கல்லீரலைப் பாதிக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டு விடும். ஈரக் கடலைதான் அதுக்கு வாசல். (நனைச்சு உடைச்ச கதை ஞாபகம் வருதா?) அதுக்கப்புறம் வேர்க்கடலை மாவுன்னாலே எல்லாரும் யோசிக்க ஆரம்பிச்சாங்க.

அப்போ பவுடர் மட்டும் என்னவாம்?

இங்கதான் எனக்குச் சிரிப்பு வரும். 1960-கள்ல அமெரிக்காவுல ஏ.டி.எம்-ங்கிற கம்பெனி, எண்ணெய் எடுத்த சோயா மாவை மெஷின்ல அழுத்தி, கறி மாதிரி துண்டாக்கிச்சு. நம்ம பிரியாணியில மிதக்கிற மீல் மேக்கர் அந்த வம்சம்தான். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சினதுக்குத் தமிழ்ல என்ன பேரு? பிண்ணாக்கு.

ஜிம் டப்பாவுல இருக்கிற வே புரோட்டீன்? பாலைத் திரிய வெச்சு சீஸ் எடுத்த பிறகு மிஞ்சுற தண்ணியில இருந்து பிரிச்சது. ஒரு காலத்துல மேல்நாட்டுல அந்தத் தண்ணியைப் பன்னிக்கு ஊத்துவாங்க, இல்லைன்னா ஆத்துல விடுவாங்க. 1970-கள்ல மெல்லிய சவ்வு வழியா வடிகட்டுற டெக்னாலஜி வந்த பிறகுதான் அது காசாச்சு. நல்ல புரதம், சந்தேகமே இல்ல. ஆனா கதையைப் பாருங்க: அவன் தன் கழிவுல இருந்த சத்தைக் கண்டுபிடிச்சு டப்பாவுல போட்டான். நாம நம்ம பிண்ணாக்கை மாட்டுக்கு வெச்சுட்டு, "நீ என்ன பிண்ணாக்கா?"ன்னு திட்டுறதுக்கு அந்த வார்த்தையை எடுத்துக்கிட்டோம்.

எண்ணெய்க் கதையும் அப்படியே. 1994-ல பாமாயில் இறக்குமதியைத் தாராளமா திறந்துவிட்டாங்க. ரேஷன்லயும் பாமாயில் பாக்கெட். எண்ணெய் மலேசியா, இந்தோனேசியாவுல இருந்து, புரதம் அமெரிக்காவுல இருந்து. டி.எம்.வி ஊர்க்காரன் நடுவுல நின்னு ரெண்டுக்கும் காசு குடுக்கிறான்.

பத்தாம் கிளாஸோட நின்ன முட்டை

நம்ம அரசாங்கம் புரதத்தைப் பத்தி யோசிக்கவே இல்லைன்னு சொன்னா அது பாவம். 1982-ல எம்.ஜி.ஆர் சத்துணவு, 1989-ல கலைஞர் ஆட்சியில அதுல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 2010-ல வாரம் 5 முட்டை. 2007-ல வந்த சிறப்பு பொது விநியோகத் திட்டத்தால ரேஷன்ல துவரம்பருப்பு மலிவு விலைக்குக் கிடைக்குது. ஆனா சத்துணவு முட்டை பத்தாம் கிளாஸோட நின்னுடும். ரேஷன் கார்டு அம்மா கிட்ட ஊர்ல இருக்கும். விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் 2008-ல அரசு பொறியியல் கல்லூரிங்க வந்துது, கலைக் கல்லூரிங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. அங்கெல்லாம் ரூம் எடுத்துத் தங்குற பையன், உடம்பு ஏத்தணும்னு நினைக்கிற அதே வயசுல, ரெண்டு திட்டத்துக்கும் வெளிய நிக்கிறான். அவனுக்கு மிஞ்சினது மளிகைக் கடைதான்.

சரி, மளிகைக் கணக்கு

விலை தினம் மாறும், அதனால ரூபாய் போடல. ஒரே ஒரு ஃபார்முலா போதும்: கிலோ விலையை, அந்த ஒரு கிலோவுல இருக்கிற புரதத்தால வகுங்க. ஒரு கிராம் புரதம் என்ன விலைன்னு தெரிஞ்சுடும். ஒரு கிலோ மல்லாட்டைப் பருப்புல சுமார் 250 கிராம், பொட்டுக்கடலையில 200, துவரம்பருப்புல 220, மீல் மேக்கர்ல 500, வே பவுடர்ல 700 – 800. முட்டை ஒண்ணுக்கு 6, அதாவது 30 முட்டை ட்ரேயில 180. உங்க கடை விலையைப் போட்டுப் பாருங்க, யார் ஜெயிக்கிறாங்கன்னு.

எடை தூக்கிப் பயிற்சி செய்யறவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும்னு 2018-ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. 60 கிலோ பையனுக்கு 96 கிராம். ஒரு நாளைக்கு இப்படிப் பாருங்க:

மல்லாட்டை 100 கிராம் – 25
பொட்டுக்கடலை 50 கிராம் – 10
மீல் மேக்கர் 50 கிராம் – 25
முட்டை 3 – 18
அரிசி 300 கிராம் – 21
பருப்பு 50 கிராம் – 11

மொத்தம் 110. முட்டை சாப்பிடாதவங்க அதுக்குப் பதிலா அரை லிட்டர் பால் சேர்த்தா 108. ஒல்லிப் பசங்களுக்கு இன்னொரு லாபம்: 100 கிராம் மல்லாட்டையில 560 கலோரிக்கு மேல இருக்கு. எடை ஏறணும்னா புரதம் மட்டும் பத்தாது, கலோரியும் வேணும். தொப்பையைக் குறைக்க நினைக்கிறவங்க அளவைப் பாதியாக்கிக்கங்க.

வாங்கும்போது சுருங்கினது, நிறம் மாறினது, பூசணம் பூத்தது, கசக்கிறது எல்லாத்தையும் தள்ளிடுங்க. ஈரமில்லாத டப்பாவுல வைங்க. முக்கியமா, இதைப் படிச்சுட்டு யாரும் எண்ணெய் மில்லுல மாட்டுப் பிண்ணாக்கு வாங்கித் தின்னுடாதீங்க சாமி :-) அது மனுசனுக்குன்னு தயாரிச்சது இல்ல. கிட்னி பிரச்சினையோ கடலை அலர்ஜியோ இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

நூத்தம்பது வருஷமா இந்த மண்ணுல விளைஞ்சதுக்கு, "இதுல எண்ணெய் எவ்வளவு?"ன்னு கேட்டவங்கதான் விலை வெச்சாங்க. "இதுல புரதம் எவ்வளவு?"ன்னு கேக்க வேண்டியது, அதே மண்ணுல படிக்க வந்திருக்கிற பசங்கதான். கேட்டுட்டு, அப்புறமா பவுடர் வாங்கணும்னு தோணினா தாராளமா வாங்கிக்கட்டும்.

கொசுறு: மல்லாட்டை, மணிலா, கல்லக்கா, கச்சான்... உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்லுவீங்க?