குறளும் குரிண்டாமும்: யாப்புச் சொற்கள் காட்டும் உண்மை

எதுகை, இயைபு, தளை என்னும் யாப்புச் சொற்களைத் தேர்வுக்காக மனனம் செய்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். வரலாற்றை ஆராயவும் அவை கருவிகள் ஆகும். ஜொகூர் மாணவர்க்கு இதனை விளக்க அருகிலேயே ஒரு சான்று உண்டு.

1824ஆம் ஆண்டின் ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கை பிரிக்கும் வரை, ஜொகூரும் ரியாவும் ஒரே சுல்தானகத்தின் பகுதிகளாக இருந்தன. ரியாவின் பெஞ்ஞெங்கட் தீவில் வாழ்ந்த புலவர் ராஜா அலி ஹாஜி, 1847இல் 'குரிண்டாம் துவா பெலாஸ்' என்னும் நூலை இயற்றினார். பன்னிரண்டு பிரிவுகளில் அறம் உரைக்கும் ஈரடிப் பாக்கள் அவை. பெரும்பாலும் முதலடி ஒரு செயலைச் சொல்ல, இரண்டாமடி அதன் விளைவைச் சொல்லும். 'குரிண்டாம்' என்னும் சொல் தமிழ்வழி மலாய்க்கு வந்தது என்பர் அறிஞர் சிலர்.

அடியும் அறமும் ஒத்திருப்பதால், குரிண்டாம் குறளின் வழிவந்தது என முடிவு செய்யலாமா? இங்கேதான் யாப்புச் சொற்கள் துணைநிற்கின்றன. குறள் வெண்பாவின் முதலடியில் நான்கு சீர். இரண்டாமடியில் மூன்று சீர். வெண்டளை அதன் ஓசையைக் கட்டுகிறது. அடிதொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகை அதில் மிகுதி. குரிண்டாமிலோ அடியிறுதி ஒலிகள் ஒன்றுகின்றன. அதனை நாம் இயைபு என்போம். தளைக் கட்டுப்பாடு அதற்கு இல்லை.

எனவே, சொல் கடல் கடந்திருப்பினும் யாப்பும் உடன் கடந்தது எனக் கொள்ள இயலாது. மொழிப்பெருமை பேசும்போதும் சான்றின் அளவே நாம் பேசுதல் வேண்டும். ஆசிரியர்கள் இரு பாக்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எதுகை எங்கே, இயைபு எங்கே என மாணவரையே காணச் செய்வார்களாக.