பூனைக்கு அரிச்சா மாட்டாஸ்பத்திரி

எங்க இளம்பிள்ளை பக்கம் கால்நடை மருந்தகம்னு சொன்னா யாருக்கும் சட்டுனு புரியாது. மாட்டாஸ்பத்திரின்னு சொல்லணும். பேருக்குள்ளேயே வரலாறு இருக்கு பாருங்க. 1903ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆகட்டும், 1985ல வந்த நாமக்கல் கல்லூரி ஆகட்டும், மாடு, ஆடு, கோழின்னு சோறு போடுற ஜீவன்களுக்குத்தான் முதல் வரிசை. பூனை கடைசி பெஞ்சு. அதனால பூனை சொறிய ஆரம்பிச்சா, பல வீட்டுல கை நேரா மனுஷங்க மாத்திரை டப்பாவுக்குத்தான் போகுது. ஆபத்தே அங்கதான்.

அலர்ஜி மருந்துகளோட கதையைப் பார்த்தா, எல்லாமே வேற யாருக்கோ கண்டுபிடிச்சது. 'அலர்ஜி'ங்கிற வார்த்தையை 1906ல உருவாக்கினவர் வியன்னாவுல இருந்த பிர்கே, குழந்தை மருத்துவர். 1937ல பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துல டேனியல் போவே முதல் ஆன்டிஹிஸ்டமினைக் கண்டுபிடிச்சார். 1957ல நோபல் வாங்கினார். 1948ல கார்டிசோனை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. பூனை அரிப்புக்கு ஸ்டீராய்டு போடுற வழக்கம் அதுக்கப்புறம் வந்ததுதான். சட்டுனு கேக்கும். ஆனா மாசக்கணக்குல போட்டா சர்க்கரை வியாதி வரலாம்.

பூனைக்கு வர்ற அலர்ஜியில ரொம்ப சாதாரணமானது தெள்ளுப்பூச்சி கடி. பூச்சியோட எச்சில்தான் ஒத்துக்காது. 1973ல இங்கிலாந்துல பெர்மெத்ரின் வந்துச்சு. நாய்க்கு நல்லாவே வேலை செஞ்சுது. அதையே பூனை மேல போட்டா? உடம்பு நடுங்கி, வலிப்பு வந்து, செத்தே போகலாம்.

ஏன் இப்படி? 2000ல அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான பதிலைச் சொன்னாங்க. சில மருந்துகளைக் கழிச்சு வெளியேத்துற ஈரல் நொதி ஒண்ணோட ஜீன், பூனைக்கு உடைஞ்சு கிடக்கு. பூனை குட்டி நாயும் இல்லை, குட்டி மனுஷனும் இல்லை!

நம்ம ஊருக்கு இதுல ஒரு தனி ஆபத்து இருக்குங்க. சளி, தும்மல்னு மெடிக்கல்ல வாங்குற பல மாத்திரைகள்ல அலர்ஜி மருந்தோட பாராசிட்டமாலும் கலந்திருக்கும். 'அலர்ஜி மாத்திரைதானே'ன்னு பாதி உடைச்சுப் பால்ல கரைச்சுக் கொடுத்துடுவாங்க. ஒரே ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதுக்குக் குறைஞ்ச அளவும் விஷம்தான். ரத்தம் பழுப்பாகும், ஈறு நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். அசிட்டைல்சிஸ்டீன்னு மாற்று மருந்து இருக்கு. ஆனா சில மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட போகணும்.

பூனைக்குன்னே மருந்து வர ஆரம்பிச்சது தாமதமாத்தான். மனுஷங்க உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பயன்பட்ட சைக்ளோஸ்போரினை, பூனைத் தோல் அலர்ஜிக்குன்னு 2011லதான் அமெரிக்கா அனுமதிச்சுது. நூறு வருஷக் கதையில இது நேத்து நடந்தது.

அதனால மக்களே, பூனை சொறிஞ்சா முதல்ல முடியைப் பிரிச்சு தெள்ளுப்பூச்சி இருக்கான்னு பாருங்க. பூனைக்குன்னு லேபிள்ல போட்டிருக்கிற மருந்தைத் தவிர வேற எதையும் தடவாதீங்க. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா எடை போட்டுத்தான் அளவு சொல்வார். மாட்டாஸ்பத்திரின்னு பேர் இருந்தா என்ன, பூனையையும் பார்ப்பாங்க. கூச்சப்படாம போங்க.