1971ஆம் ஆண்டின் ராக் ஆல்பங்கள்

ஏதேனும் ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அதில் வெளிவந்த ஆல்பங்களில் தமக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்தி வாதாடுவது ராக் இசை ரசிகர்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். அதில் தவறாமல் அடிபடும் ஆண்டு 1971. லெட் செப்பெலின், தி ஹூ, ரோலிங் ஸ்டோன்ஸ், ஜோனி மிட்செல், கரோல் கிங், மார்வின் கே ஆகியோரின் புகழ்பெற்ற ஆல்பங்கள் அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள் வந்தன.

பின்னணி

பீட்டில்ஸ் குழு 1970இல் கலைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அக்டோபரில் ஜானிஸ் ஜாப்ளினும் 27 வயதிலேயே இறந்தனர். அறுபதுகளின் நாயகர்கள் விட்டுச்சென்ற இடம் புதியவர்களுக்குத் திறந்துகிடந்தது.

விற்பனை முறையும் மாறிக்கொண்டிருந்தது. அறுபதுகளின் முற்பாதியில் பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட 45 சுற்று சிங்கிள்தான் சந்தையை ஆண்டது. பிற்பாதியில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. இசைத்தட்டு முன்னுக்கு வந்தது. குரல், கிதார், டிரம்ஸ் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிந்து பின்னர் சேர்க்கும் 16 தடக் கருவிகளும் ஸ்டூடியோக்களில் பரவின. எனவே நீண்ட பாடல்களுக்குத் துணிவு பிறந்தது. பிங்க் ஃப்ளாய்டின் 'மெடில்' ஆல்பத்தில் 23 நிமிடம் ஓடும் 'எக்கோஸ்' ஒரு முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டது.

பிரிட்டிஷ் ஆல்பங்கள்

லெட் செப்பெலினின் நான்காம் ஆல்பம் 1971 நவம்பர் 8 அன்று வெளியானது. அதன் அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. உறுப்பினர் நால்வருக்கும் ஆளுக்கொரு சின்னம் மட்டும் உள்ளே அச்சிடப்பட்டது. பெரும்பகுதி இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவானது. முன்பு அது ஏழைகளுக்கான விடுதியாக இருந்த கட்டடம். 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாடலுக்காக ஜான் பானமின் டிரம்ஸைக் கூடத்தில் வைத்து, மேலே மாடிப்படியிலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். உயரமான கூடத்தின் எதிரொலி அப்படியே பதிந்து, பிற்கால ஹிப் ஹாப் கலைஞர்கள் பலரும் எடுத்தாண்ட தாளமாயிற்று. அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 40 லட்சம் பிரதிகளுக்கான விற்பனைச் சான்று இந்த ஆல்பத்துக்கு உண்டு.

தி ஹூ குழுவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்', பீட் டவுன்ஷெண்ட் 'லைஃப்ஹவுஸ்' என்ற பெயரில் தொடங்கிக் கைவிட்ட பெருந்திட்டத்தின் மிச்சத்திலிருந்து உருவானது. அதன் முதல் பாடலான 'பாபா ஓ'ரைலி'யின் பெயரில் புணே நகரில் பிறந்த ஆன்மிக குரு மெஹர் பாபாவும் அமெரிக்க இசையமைப்பாளர் டெரி ரைலியும் சேர்ந்திருக்கின்றனர். டவுன்ஷெண்ட் பாபாவின் பக்தர்.

ஏப்ரலில் வந்த ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' அக்குழு சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்ட முதல் ஆல்பம். ஆண்டி வார்ஹாலின் யோசனைப்படி, ஜீன்ஸ் படம் போட்ட அட்டையில் உண்மையான ஜிப் பொருத்தப்பட்டது. அடுக்கி அனுப்பியபோது ஜிப் அழுத்தித் தட்டுகளின் பள்ளங்கள் கெட்டன. பிறகு ஜிப்பைப் பாதி இறக்கி அனுப்பினர். அழுத்தம் தட்டின் நடுவிலுள்ள லேபிளின் மேல் விழுந்ததால் பாட்டுக்குச் சேதமில்லை.

டேவிட் போவியின் 'ஹங்கி டோரி' டிசம்பரில் வந்தது. அதில் பியானோ வாசித்த ரிக் வேக்மேன், ஒரு மாதம் முன்பு வந்த யெஸ் குழுவின் 'ஃப்ராஜைல்' ஆல்பத்திலும் இருக்கிறார். பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் டோனி ஐயோமி பல பாடல்களுக்குக் கிதாரின் சுருதியை இறக்கினார். தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்திருந்த அவருக்குத் தளர்ந்த கம்பிகள் வாசிக்க எளிதாக இருந்தன. அந்தக் கனத்த ஒலியே பின்வந்த ஹெவி மெட்டலுக்கு முன்மாதிரியாயிற்று.

அமெரிக்க ஆல்பங்கள்

கரோல் கிங்கின் 'டேபஸ்ட்ரி' பிப்ரவரியில் வெளியாகி, பில்போர்டு பட்டியலில் தொடர்ந்து 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜோனி மிட்செலின் 'புளூ' ஜூனில் வந்தது. இரண்டுமே ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஸ்டூடியோவில் பதிவானவை. 'டேபஸ்ட்ரி'யில் மிட்செல் துணைக்குரல் கொடுத்திருக்கிறார்.

தி டோர்ஸ் குழுவின் 'எல்.ஏ. வுமன்' ஏப்ரலில் வந்தது. அக்குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தார். ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' நியூயார்க்கில் மார்ச் மாதக் கச்சேரிகளில் பதிவான நேரடி ஆல்பம். அக்குழுவின் கிதார் கலைஞர் டுவேன் ஆல்மன் அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மறைந்தார்.

ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட ரவிசங்கரின் வேண்டுகோளின்பேரில் ஜார்ஜ் ஹாரிசன் இரு கச்சேரிகள் நடத்தினார். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் பலமாகக் கைதட்டியது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று ரவிசங்கர் நகைத்தது அந்தக் கச்சேரியின் ஆல்பத்திலும் பதிவாகியுள்ளது.

பட்டியலிடும் வழக்கமும் சச்சரவுகளும்

ரசிகர்களின் பட்டியல் பெரும்பாலும் ஐந்து அல்லது பத்து ஆல்பங்களைக் கொண்டது. முதல் சச்சரவு தேதியைப் பற்றியது. பதிவான நாளா, வெளியான நாளா? பொதுவாக வெளியான நாளே கணக்கு. ஜாப்ளின் 1970இல் பாடிய 'பேர்ல்' அவர் மறைந்தபின் 1971 ஜனவரியில் வந்ததால் சேர்கிறது. மோந்த்ரோ நகரில் 1971 டிசம்பரில் பதிவான டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' மறு ஆண்டு மார்ச்சில் வந்ததால் சேர்வதில்லை. வங்கதேசக் கச்சேரி ஆல்பம் அமெரிக்காவில் 1971 டிசம்பரிலும் பிரிட்டனில் 1972 ஜனவரியிலும் வந்ததால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும்.

இரண்டாவது, எல்லையைப் பற்றியது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' சோல் இசை. அதை ராக் பட்டியலில் வைக்கலாமா என்பதில் ஒத்த கருத்தில்லை. மூன்றாவது, அன்றைய விற்பனையா, பிற்கால மதிப்பா என்பது. 'ஹங்கி டோரி' வந்த புதிதில் கவனிக்கப்படவில்லை. 1972இல் போவி புகழ்பெற்ற பிறகே பிரிட்டனில் மூன்றாமிடம் வரை ஏறியது.

மதிப்பீடு

நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய 'பாஸ் அண்ட் ஜாப்' வாக்கெடுப்பின் முதல் ஆண்டே 1971தான். முதலிடம் பெற்றது 'ஹூஸ் நெக்ஸ்ட்'. பிரிட்டிஷ் இதழாளர் டேவிட் ஹெப்வொர்த், ராக் ஆல்பத்தின் உச்ச ஆண்டு இதுவே என்று 2016இல் ஒரு முழுநூலே எழுதினார். தம் இளமையில் கேட்ட இசையையே எவரும் உயர்த்திப் பேசுவர் என்ற மறுப்பு இத்தகைய வாதங்களுக்கு எப்போதும் உண்டு. ஹெப்வொர்த்துக்கு அப்போது வயது 21. எனினும் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2020இல் புதுப்பித்த 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் முதலிடத்தை 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பமும் மூன்றாமிடத்தை 'புளூ'வும் பெற்றன.