200 ஆண்டு பழைய திண்டுக்கல் படம் ஏலத்துக்கு வந்தா வாங்கலாமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

வேடசந்தூரில் உட்கார்ந்துகொண்டே லண்டன் ஏலத்தில் விலை கேட்கும் காலம் இது. மொபைல் இருந்தால் போதும். அப்படி நம்ம மாவட்டத்தின் பழைய படம் ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்யணும்?

எந்தப் படம்?

தாமஸ் டேனியலும் அவரது அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் 1792-ல் தென்னிந்தியாவில் பயணம் செய்த ஆங்கிலேய ஓவியர்கள். அவர்கள் லண்டனில் 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் 144 படங்கள் உள்ளன. மதுரை அரண்மனை, பாபநாசம் அருவி ஆகியவற்றோடு, திண்டுக்கல் சீமையின் ஆத்தூர் அருகே வரைந்த காட்சியும் அதில் உண்டு.

இது ஓவியமா, அச்சா?

அச்சுதான். ஆனால் மிஷின் பிரிண்ட் இல்லை. செப்புத் தகட்டில் பிசின் பொடி தூவி, சூடாக்கி, அமிலத்தால் அரிக்க வைத்து, மை பூசி, காகிதத்தில் அழுத்தி எடுப்பது. இதற்கு அக்வாடின்ட் என்று பெயர். எட்சிங் வகையைச் சேர்ந்தது. பல பிரதிகளில் கையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

எங்கே ஏமாறுவாங்க?

ஒரே காட்சி, பல பதிப்பு. சிக்கலே இதுதான்.

* அளவு: முதல் பதிப்பு பெரியது, சுமார் ஒன்றரை அடிக்கு 2 அடி. 1812-16-ல் சிறிய அளவில் மறுபதிப்பு வந்தது. அதுவும் பழசுதான், ஆனால் அதே விலை தரக்கூடாது.
* புள்ளி: பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசலில் மணல் மாதிரி ஒழுங்கற்ற பொடிப்புள்ளி தெரியும். வரிசையாக ஒரே சீரான புள்ளி தெரிந்தால், அது தற்கால ஆஃப்செட் நகல்.
* தகட்டுத் தடம்: படத்தைச் சுற்றி செப்புத் தகடு அழுத்திய பள்ளம் இருக்கும். ஓரத்தை வெட்டியிருந்தால் தெரியாது. வெட்டியிருந்தால் மதிப்பும் குறையும்.
* காகிதம்: வெளிச்சத்தில் பிடித்தால் சிலவற்றில் நீரெழுத்தாக ஆண்டு தெரியும். படம் வெளியான ஆண்டுக்குப் பிந்தைய ஆண்டு இருந்தால், அது பின்னாளில் அச்சடித்தது.

புகழ்பெற்ற ரெம்பிராண்ட் படங்களிலும் இதே கதைதான். 1669-ல் அவர் இறந்த பிறகும் அவரது தகடுகளில் பிரதி எடுத்தார்கள். தகடு தேயத் தேய கோடு மங்கும். அவர் காலத்துப் பிரதிக்குத்தான் பெரிய விலை.

'மூணு தரம்' சொன்னதும் கட்டுவது எவ்வளவு?

ஒட்டன்சத்திரம் மண்டியில் கமிஷன் என்றால் காய் கொண்டுவரும் விவசாயிதான் நினைவுக்கு வருவார். கலை ஏலத்தில் வாங்குபவரும் தனியாகக் கமிஷன் தரணும். பெயர், பையர்ஸ் பிரீமியம். ஒரு உதாரணக் கணக்கு:

* ஏல விலை: ரூ.1,00,000
* அதற்கு ஜிஎஸ்டி 5% (2025 செப்டம்பர் 22-க்கு முன் 12%): ரூ.5,000
* பிரீமியம் 20% என்றால்: ரூ.20,000
* பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி 18%: ரூ.3,600
* மொத்தம்: ரூ.1,28,600

பிரீமியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வெளிநாட்டு ஏலம் என்றால் கூரியர், காப்பீடு, இறக்குமதி வரிகளும் சேரும்.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'பிறகு வெளிநாட்டில் விற்று லாபம் பார்க்கலாம்' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

விலை கேட்கும் முன்

நிலை அறிக்கை கேளுங்க. ஃபிரேமைக் கழற்றி முன்பக்கம், பின்பக்கம் எடுத்த போட்டோ கேளுங்க. பழுப்புப் புள்ளி, கிழிசல், வெயிலில் வெளுத்த நிறம், புதிதாகப் பூசிய வண்ணம் இருக்கான்னு பாருங்க. பொருள் 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுவதால் பிறகு குறை சொல்லிப் பயனில்லை. போலி என்று தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதையும் விதிமுறையில் படிச்சிடுங்க.

கடைசியாக, உங்க உச்ச வரம்பை முன்கூட்டியே எழுதி வையுங்க. அந்தத் தொகை ஏல விலைக்கு அல்ல, வரி, கமிஷன் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு.