செயற்கை மழையும் மேக விதைப்பும்: ஒரு கலைச்சொல் வரலாறு

மழை பொய்க்கும் ஆண்டுகளில் தமிழ் நாளிதழ்களில் மிகுதியாக வழங்கும் தொடர்கள் இரண்டு: ‘செயற்கை மழை’, ‘மேக விதைப்பு’. இவை ஒரே செயலைக் குறிக்க ஆளப்படினும் பொருளால் ஒன்றல்ல. இவ்வேறுபாடு ஈண்டு அச்செயலின் வரலாற்றோடு இணைத்து ஆராயப்படுகிறது.

1946 நவம்பரில் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் வானூர்தியிலிருந்து மேகத்தில் உலர்பனியைத் தூவினார். படிக அமைப்பில் பனிக்கட்டியை ஒத்த வெள்ளி அயோடைடும் இதற்குப் பயன்படும் என்பதை அதே ஆண்டில் பெர்னார்டு வானகட் கண்டறிந்தார். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாதிருக்கும் மேகத்துளிகள் இதனால் பனிப்படிகங்களாகிப் பருத்து வீழ்கின்றன. உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமுடைய மேகங்களிலோ உப்புத்துகள்கள் ஈரத்தை ஈர்த்துப் பெருந்துளிகளாகின்றன. எம்முறையாயினும் மேகம் முன்னரே இருத்தல் வேண்டும்.

‘செயற்கை உரம்’, ‘செயற்கைப் பட்டு’ ஆகியவற்றில் ‘செயற்கை’ என்னும் அடை, மனிதன் புதிதாக ஆக்கிய மாற்றுப் பொருளைச் சுட்டும். எனவே ‘செயற்கை மழை’ என்பது, இல்லாத மழையை ஆக்குதல் என்னும் பொருளைத் தருகிறது. ‘மேக விதைப்பு’ இவ்வாறு மிகைப்படுத்துவதில்லை. எனினும் இத்தொகை இருபொருட்கு இடந்தருவது. ‘நெல் விதைப்பு’ என்பது நெல்லை விதைத்தல் என இரண்டாம் வேற்றுமையாக விரியும். ‘மேக விதைப்பு’ மேகத்தில் விதைத்தல் என ஏழாம் வேற்றுமையாகவே விரிதல் வேண்டும். இங்கு மேகம் விளைநிலமேயன்றி விதையன்று. கன்னடத்தில் வழங்கும் ‘மோட பித்தனெ’ என்னும் தொடரும் இவ்வமைப்பினதே. அதன் ‘பித்து’ தமிழ் ‘வித்து’ என்பதன் இனச்சொல்.

கர்நாடக அரசு 2003ஆம் ஆண்டின் திட்டத்திற்கு ‘வருணா’ எனவும், 2017ஆம் ஆண்டின் திட்டத்திற்கு ‘வர்ஷதாரி’ எனவும் பெயரிட்டது. முன்னது மழைத்தெய்வத்தின் பெயர். பின்னதிலுள்ள ‘வர்ஷ’ மழையைக் குறிக்கும் வடசொல். இரண்டும் விளைவைப் பேசுகின்றனவேயன்றி மேகத்தையோ விதையையோ பேசவில்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2018, 2019ஆம் ஆண்டுகளில் சோலாப்பூர்ப் பகுதியில் 276 மேகங்களை ஆராய்ந்தது. விதைத்தவற்றையும் விதைக்காதவற்றையும் ஒப்பிட்ட அவ்வாய்வு கண்டது, ஏறத்தாழ 18 விழுக்காட்டு மழைக் கூடுதலாகும். ‘கூடுதல்’ என்னும் சொல்லுக்கும் ‘செயற்கை மழை’ என்னும் தொடருக்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

பொதுப்பெயரிலும் இத்தகைய இடர் உண்டு. ‘வானிலை மாற்றம்’ என்பது தானே மாறுதல், பிறர் மாற்றுதல் ஆகிய இரண்டையும் சுட்டும். ‘வானிலையை மாற்றியமைத்தல்’ என்பதில் அம்மயக்கம் இல்லை. வறட்சிக் காலத்தில் இச்சொற்களைப் படிப்பவருள் உழவரும் உளர். மேகமற்ற வானத்தினின்றும் மழையை எதிர்நோக்குமாறு அவரைச் செய்யாத சொல்லைத் தெரிந்தெடுத்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.