'டாட்காம்' கம்பெனின்னா என்ன பாஸ்?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே போனில் 'வீட்டிலிருந்தே வேலை'னு ஒரு லிங்க் வருது. கடைசியில் '.காம்' இருந்தா, நிஜ கம்பெனிதான்னு நம்பிடுறோம். அந்த 'காம்' எங்கிருந்து வந்துச்சு?

'கமர்ஷியல்' என்பதன் சுருக்கம்தான் அது. வியாபார நிறுவனங்களின் இணைய முகவரிக்காக 1985-ல் வந்தது. 90-களின் கடைசியில், இணையத்திலேயே கடை விரித்த நிறுவனங்களுக்கு 'டாட்காம் கம்பெனி'னு பேராச்சு. அப்போ இருந்த மவுசே வேற! சென்னையின் சத்யம் இன்ஃபோவே, 1999-ல் 'இந்தியாவேர்ல்ட்' இணையதளங்களை ரூ.499 கோடிக்குப் பேசி முடித்தது. 2000 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்கப் பங்குச்சந்தை சரிய, அந்தப் பேரைக் கேட்டாலே முதலீட்டாளர்கள் ஓடினாங்க. இப்போ அதே மாதிரி கம்பெனிகளை 'ஸ்டார்ட்அப்'னு சொல்றோம்.

ஆனா, .காம் முகவரியை யார் வேணும்னாலும் வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கே... அதில் வாரியத்துக்கு வரணும்னா சொந்த மனை, 35-லிருந்து 70 வயசு, ஒழுங்கான கணக்குன்னு ஏகப்பட்ட கண்டிஷன். .காமுக்கு அப்படி ஒண்ணுமே கிடையாது. வேலை தர்றோம்னு சொல்லி முதல்ல பணம் கேட்டா, முகவரி எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடுங்க. பணம் போயிட்டா, தாமதிக்காம 1930-க்கு போன் போடுங்க.