டெக்னிக்ஸ் 1200 - ஒரு டர்ன்டேபிளின் கதை

டி.ஜே. என்றதும் இன்றைக்குக் கண்முன் வருவது லேப்டாப், ஹெட்போன், பளிச் பளிச்சென்று மின்னும் விளக்குகள். ஆனால் "டி.ஜே.வுக்கு எந்த மெஷின் வாங்கலாம்?" என்ற கேள்விக்கு ஏறக்குறைய முப்பது வருடங்கள் நியூயார்க், லண்டன், டோக்கியோ என்று எங்கே போனாலும் ஒரே பதில்தான் கிடைத்தது. டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மெஷின் முதலில் டி.ஜே.க்களுக்காகச் செய்யப்பட்டதே இல்லை! வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அமைதியாகப் பாட்டு கேட்கும் கனவான்களுக்காகச் செய்யப்பட்டது.

கதையைப் புரிந்துகொள்ள முதலில் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1960களின் நல்ல டர்ன்டேபிள்கள் பலவற்றிலும் மோட்டார் ஒரு மூலையில் இருக்கும். அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் போய்ச் சுழல்தட்டைச் சுற்றும். மோட்டாரின் அதிர்வை ரப்பர் உறிஞ்சிக்கொள்வதால் சத்தம் சுத்தமாக வரும். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்பவருக்கு இது போதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தட்டைக் கையால் நிறுத்திப் பாருங்கள். பெல்ட் இழுபடும், வழுக்கும், சமயத்தில் கழன்றே விழும். விட்டதும் வேகம் பிடிக்க நேரமாகும். ஆறு மாதம் இப்படிச் செய்தால் பெல்ட் தொளதொளத்துப் போய் பாட்டு அசைந்து அசைந்து வரும்.

1960களின் கடைசியில் நியூயார்க்கில் சாங்க்சுவரி என்ற கிளப்பில் ஃபிரான்சிஸ் கிராஸோ என்பவர் தோரன்ஸ் டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு இதோடுதான் மல்லுக்கட்டினார். தட்டு கீழே சுழல, இசைத்தட்டை விரலால் பிடித்து நிறுத்திவைத்து, சரியான தாளத்தில் விடுவார். ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்த பாட்டு அதே நடையில் தொடங்கும், ஆடுகிறவர்களின் கால் நிற்காது. அதுவரை டி.ஜே. என்றால் ஒரு தட்டை எடுத்து இன்னொன்றைப் போடுகிற ஆள். கிராஸோவுக்குப் பிறகு அது ஒரு கைவேலை ஆனது. இரண்டு தட்டுகளின் ஒலியைக் கலக்க ஒரு மிக்ஸரும் வேண்டியிருந்தது. அலெக்ஸ் ரோஸ்னர் என்ற ஒலிப் பொறியாளர் கிளப்புக்காகவே ஒன்றைச் செய்து கொடுத்தார். அதற்கு ரோஸி என்று செல்லப்பெயர். 1971ல் போஸாக் கம்பெனியின் மிக்ஸர் விற்பனைக்கு வந்தது. ஆனால் அது பணமுள்ள கிளப்புகள் வாங்குகிற சாமான்.

இதே சமயம் ஜப்பானில் ஒசாகாவில், மட்சுஷிடா கம்பெனியில் (பின்னாளில் பானாசோனிக் என்று பெயர் மாறியது இதுதான்) ஷூச்சி ஒபாட்டா என்ற பொறியாளர் பெல்ட்டே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். மோட்டார் தனி, தட்டு தனி என்று எதற்கு? தட்டையே மோட்டாரின் ஒரு பாகமாக்கிவிட்டால்? காந்தம் சுழல்தட்டின் அடியில், கம்பிச் சுருள்கள் கீழே உடம்பில். மின்சாரம் போனதும் தட்டு தானே சுழலும். இதுதான் டைரக்ட் டிரைவ். 1970ல் எஸ்.பி.-10 என்ற மாடலும், 1971ல் எஸ்.எல்.-1100ம், 1972 அக்டோபரில் எஸ்.எல்.-1200ம் வந்தன. விளம்பரமெல்லாம் ஒலித் துல்லியத்தைப் பற்றித்தான்.

இனி காட்சி பிராங்க்ஸுக்கு மாறுகிறது.

நியூயார்க்கின் வடக்கே இருக்கும் பிராங்க்ஸ் அப்போது எரிந்துகொண்டிருந்தது, உவமையாக அல்ல, நிஜமாகவே. நடுவே நெடுஞ்சாலை போட்டுக் குடியிருப்புகளை இடித்ததில் ஊர் பிளந்து போயிருந்தது. வேலை இல்லை. கட்டடங்களுக்கு அடிக்கடி தீ; இன்ஷூரன்ஸ் பணத்துக்காக வைக்கப்பட்ட தீயும் அதில் உண்டு. பள்ளிகளில் இசை வகுப்புகளுக்குக் காசு இல்லாமல் போனது. இந்த ஊரில் 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி நடத்தினார். பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும், அதற்காக. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். பாட்டுப் போட்டது அவருடைய அண்ணன் கிளைவ். ஊர் அவரை கூல் ஹெர்க் என்று அழைத்தது.

ஹெர்க் ஜமைக்காவில் கிங்ஸ்டனில் பிறந்து 1967ல் பிராங்க்ஸ் வந்தவர். ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் என்று ஒரு வழக்கம் உண்டு. நம்மூர் மைக் செட்காரரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யாருடைய பெட்டி அதிகம் அதிர்கிறது என்று தெருவுக்குத் தெரு போட்டி வேறு. அப்பாவிடம் ஷ்யூர் கம்பெனியின் ஆம்ப்ளிஃபையர் செட் ஒன்று இருந்தது. முழுச் சத்தத்தை அதிலிருந்து எடுக்க முடியவில்லை. ஹெர்க் வயர்களைக் கழற்றி மாற்றி மாற்றிச் செருகி, எந்தச் சேனலில் எதைக் கொடுத்தால் அது முழு பலத்தோடு கத்தும் என்று கண்டுபிடித்துவிட்டார். தனி மிக்ஸர் கிடையாது. அந்த செட்டின் சேனல் திருகுகள்தான் மிக்ஸர். ஹெட்போனும் கிடையாது.

ஆட்டக்காரர்கள் பாட்டு முழுவதற்கும் ஆடவில்லை, பாடகர் நிறுத்தி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கிற அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் டிரம்ஸ் முடிந்ததும் இன்னொன்றில் அதே இடம், மறுபடி முதலாவது. பத்து நொடி சங்கதி பத்து நிமிடம் ஓடியது. ஹிப் ஹாப் இங்கிருந்து கிளம்பியது என்று சொல்வார்கள்.

ஆனால் ஹெர்க் முள்ளைக் குத்துமதிப்பாகத்தான் வைப்பார். தாளம் தப்பும். ஜோசப் சாட்லர் என்ற பையனுக்கு அது பொறுக்கவில்லை. பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர், தொழிற்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர், வீட்டில் இருக்கும் எதையும் பிரித்துப் போட்டு அடி வாங்கியவர். பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பல டர்ன்டேபிள்களைச் சோதித்து, கையை எடுத்த மாத்திரத்தில் வேகம் பிடிப்பது எது என்று பார்த்தார். இசைத்தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, டிரம்ஸ் தொடங்கும் இடத்தை கடிகார முள் மாதிரி அடையாளம் வைத்தார். தட்டோடு வந்த ரப்பர் விரிப்பு இசைத்தட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. அதைத் தூக்கிவிட்டு ஃபெல்ட் துணியை வெட்டிப் போட்டார். துணி சுருண்டது. தையல் வேலை செய்யும் அம்மாவின் கஞ்சி ஸ்பிரேயை அடித்து இஸ்திரி போட்டார், அது விறைப்பாக நின்றது! அடுத்த பாட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தன் காதில் மட்டும் கேட்க வேண்டும். அதற்கு ஒரு சுவிட்சை மிக்ஸரின் தலையில் ஒட்டிவைத்தார். கிளப்புகளில் இந்த வசதி ஏற்கனவே இருந்தது. ஆனால் அந்தக் கிளப்புக்குள் நுழையக் காசும் வயதும் இல்லாத ஒரு பையன் தானே யோசித்துக் கண்டுபிடித்தது இது. 1975 வாக்கில் தியோடர் என்ற இன்னொரு சிறுவன், தட்டைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் தேய்த்தபோது வந்த 'விக்கி விக்கி' சத்தமே இசையாகிறது என்று கண்டான். அதுதான் ஸ்கிராட்ச்.

பூங்காக்களில் பார்ட்டி நடக்கும்போது மின்சாரம் எங்கிருந்து? தெருவிளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் திறந்து அங்கிருந்துதான். 1977 ஜூலை 13 இரவு நியூயார்க் முழுக்க மின்சாரம் போனது. கடைகள் சூறையாடப்பட்டன. மறுநாள் பிராங்க்ஸில் திடீரென்று புதுப்புது டி.ஜே. குழுக்கள் முளைத்தன என்று அந்தக் காலத்து ஆட்களே பின்னர் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். சரி தவறு ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு நல்ல டர்ன்டேபிள் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு எட்டாத பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிளப்புகளில் தன் மெஷின் என்ன பாடுபடுகிறது என்பது மெல்ல ஜப்பானுக்கும் எட்டியது. 1979ல் எஸ்.எல்.-1200 எம்.கே.2 வந்தது. இதுதான் எல்லோரும் '1200' என்று சொல்லும் மெஷின். குவார்ட்ஸ் கடிகாரம் போல வேகத்தைக் கட்டிப்போடும் மின்சுற்று. 0.7 நொடியில் முழு வேகம். அடியில் கனமான ரப்பர், மொத்தம் சுமார் 12 கிலோ. முக்கியமாக, வலதுபக்கம் மேலும் கீழும் நகர்த்தும் வேகக் கட்டுப்பாடு, கூட்டிக் குறைக்க 8 சதவீதம் வரை. ஒரு கணக்கு பாருங்கள்: நிமிடத்துக்கு 118 அடி உள்ள பாட்டை 124 அடி உள்ள பாட்டோடு சேர்க்க வேண்டுமென்றால் 5.1 சதவீதம் கூட்டினால் போதும். ஆனால் சுருதியும் கூடவே ஏறும். 6 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய அரைச்சுரம் உயர்ந்து பாடகி கொஞ்சம் கீச்சென்று ஒலிப்பார்!

அந்த 1979 ஜூலை 12 அன்றுதான் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் ஒரு கூட்டம் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தது. டிஸ்கோ செத்தது என்றார்கள். டிஸ்கோவுக்கென்று சரியான மெஷின் வந்த வருடத்தில் டிஸ்கோவுக்கு அடக்கம்! ஆனால் ஹிப் ஹாப்பும், அதே சிகாகோவில் பிறந்த ஹவுஸும், டெட்ராய்டின் டெக்னோவும் எம்.கே.2வைத் தூக்கிக்கொண்டன.

குறையே இல்லாத மெஷினா? இல்லை. வேகக் கட்டுப்பாடு நடுவில் பூஜ்யத்துக்கு வரும்போது 'கிளிக்' என்று ஒரு குழியில் விழும். அதன் அக்கம்பக்கத்தில் நுணுக்கமாக வேகம் மாற்ற முடியாமல் டி.ஜே.க்கள் சபித்தார்கள். 1997ல் வந்த மாடலில்தான் அந்தக் குழி போனது. பின்னால் வரும் ஒலி வயர் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஊர் ஊராகத் தூக்கிப் போகும்போது அது ஒடியும், ஒரு காது மௌனமாகும். அடித் தகட்டைத் திறந்து சால்டரிங் வைக்கத் தெரியாத டி.ஜே.வுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. எர்த் வயர் என்று மெல்லிய இன்னொரு வயரும் உண்டு. அதை மிக்ஸரின் திருகில் மாட்ட மறந்தால் 'ம்ம்ம்ம்' என்று ஓயாத முனகல். முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதனால் டர்ன்டேபிளை ஃபோனோ என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும், சி.டி. பிளேயருக்கான துளையில் செருகினால் பாட்டு எங்கோ கிணற்றுக்குள் கேட்கும், மாற்றிச் செய்தால் காது கிழியும். பெரிய கிளப்புகளில் தொல்லை வேறு மாதிரி. ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியாக முள்ளுக்கு வந்து, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய் ஊளையிடும். அதற்கு கான்கிரீட் பலகை வைத்தார்கள், ரப்பர் கயிற்றில் ஊஞ்சல் கட்டியும் தொங்கவிட்டார்கள்.

விளக்குகளின் கதை தனி. கண்ணாடிச் சில்லுகள் ஒட்டிய உருண்டை 1917லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டது. 1986ல் டி.எம்.எக்ஸ். 512 என்ற பொது மொழி வந்த பிறகுதான் ஒரே கேபிளில் 512 சேனல்கள் வரை விளக்குகளுக்கு உத்தரவு போட முடிந்தது. கடைசி விளக்கில் 120 ஓம் மின்தடை மாட்டாவிட்டால் விளக்குகள் பேய் பிடித்த மாதிரி தானாக மினுக்கும் என்பது இன்றும் புதிதாக வருகிறவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம்.

1994ல் பயனியர் கம்பெனி சி.டி.யை டி.ஜே. கைக்குக் கொண்டுவந்தது, 2001ல் வந்த சி.டி.ஜே.-1000ல் வட்டைத் தேய்த்தால் இசைத்தட்டு மாதிரியே கேட்டது. இன்னொரு பக்கம் ஒரு டச்சுக் குழு ஃபைனல் ஸ்கிராட்ச் என்று ஒன்றைச் செய்தது. இசைத்தட்டில் பாட்டு இல்லை, வெறும் சங்கேத ஒலி. முள் அதைப் படித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு அதற்கேற்ப முன்னும் பின்னும் ஓடும். 2004ல் நியூசிலாந்தின் செராட்டோ இதையே எளிதாக்கியது. பெட்டி பெட்டியாகத் தட்டு சுமந்த முதுகுகளுக்கு விடுதலை. ஆனால் தொல்லைகள் ஒழியவில்லை, இடம் மாறின. முள்ளில் தூசி இருந்தால் கம்ப்யூட்டர் குழம்பும். பஃபர் அளவைக் குறைத்தால் ஒலி விக்கும், கூட்டினால் கை அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும்.

இசைத்தட்டே தேவைப்படாதபோது டர்ன்டேபிள் எதற்கு? 30 லட்சத்துக்கும் மேல் விற்ற பிறகு, 2010ல் பானாசோனிக் 1200 வரிசையை நிறுத்தியது. விற்பனை சரிந்துவிட்டது, பாகங்கள் கிடைப்பது கடினம் என்று காரணம். பழைய எம்.கே.2க்களின் விலை ஏறியது. பிறகு இசைத்தட்டு மோகம் மறுபடி கிளம்ப, 2016ல் டெக்னிக்ஸ் திரும்பி வந்தது. எப்படி? 1,200 மட்டுமே செய்யப்பட்ட ஒரு சிறப்பு மாடலாக, சுமார் 4,000 டாலர் விலையில்! சாய்வு நாற்காலிக் கனவான்களுக்குத்தான் மறுபடியும். இந்த மெஷினுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் பொருமியதில் நியாயம் இருக்கிறது.

2019ல் எம்.கே.7 வந்தது, சுமார் ஆயிரம் டாலர். இதில் தட்டைப் பின்னோக்கியும் சுழலவிடலாம். வேகத்தை 16 சதவீதம் வரை மாற்றலாம். ஒலி வயர் உள்ளே பற்றவைக்கப்படவில்லை. ஒடிந்தால் பிடுங்கிவிட்டு வேறு வயரைச் செருகிக்கொள்ளலாம்.